தாளம் வேறு, நடை வேறு, காலம் வேறு

கச்சேரி கேட்கப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ராகம் பெரிய தடையல்ல. பெயர் தெரியாவிட்டாலும் காது அதைப் பிடித்துக்கொள்ளும். திணறல் எல்லாம் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில்தான் வரும். முன்வரிசையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தட்டி முடிப்பார்கள். நம் கை மட்டும் எங்கோ நடுவிரலில் நிற்கும். தாளம், நடை, காலம் ஆகிய மூன்று சொற்களையும் "வேகம்" என்ற ஒரே பொருளில் புரிந்துகொள்வதால்தான் முக்கால்வாசிக் குழப்பம் வருகிறது. மூன்றும் மூன்று தனி விஷயங்கள். இதைப் பிரித்துக்கொண்டால் கோர்வை என்கிற முடிப்புச் சொற்கட்டும் பல்லவியும் தாமாகவே விளங்கிவிடும்.

செட்டிநாட்டு வீட்டில் இதைப் பழக வாத்தியமே வேண்டாம், வளவு (தூண்கள் சூழ்ந்த நடுமுற்றம்) போதும். வளவைச் சுற்றி எட்டுத் தூண்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 30 என்று வையுங்கள். இரண்டு விநாடிக்கு ஒரு தட்டு விழும். ஒவ்வொரு தட்டுக்கும் நீங்கள் ஒரு தூணருகே இருக்க வேண்டும். எட்டுத் தூண்களையும் கடந்து முதல் தூணுக்குத் திரும்பினால் ஒரு சுற்று. இந்தச் சுற்றுதான் ஆவர்த்தனம். சுற்றில் எத்தனை தூண் என்பது தாளம். தூணுக்குத் தூண் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்பது நடை. ஒரு தூணிலிருந்து அடுத்ததற்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்பது காலப்பிரமாணம்.

முதலில் தூணுக்கு நாலு அடி வைத்து நடந்து பாருங்கள். வாயில் "தகதிமி, தகதிமி" என்று சொல்லிக்கொண்டே போகலாம். இது சதுஸ்ர நடை. கால் பழகியதும் மூன்று அடிக்கு மாறுங்கள்: "தகிட, தகிட". இங்கேதான் எல்லோருக்கும் தவறும். பழைய வேகத்திலேயே மூன்று அடி வைத்துவிட்டுத் தட்டு விழுவதற்கு முன்னாலேயே தூணருகே போய் நின்றுவிடுவார்கள். அப்படிச் செய்தால் நடை மாறவில்லை, காலம் ஓடிவிட்டது என்று பொருள். மூன்று அடியும் அதே இரண்டு விநாடியை நிரப்ப வேண்டும். ஒவ்வோர் அடியும் நீள வேண்டும். அடுத்து ஐந்து அடி, "தகதகிட", கண்ட நடை. இதில் அடிகள் குறுகும், தூணை எட்டும் நேரம் மாறாது. வளவின் மூலையில் திரும்பும்போது கால் தயங்கும். அந்தத் தயக்கத்தையும் சரி செய்யுங்கள். கையில் தாளம் போடும்போது இதே தயக்கம் வேறோர் இடத்தில் வரும்.

இனி கை. பெரும்பாலான பாட்டுகள் ஆதி தாளத்தில் இருப்பதால் அதிலிருந்து தொடங்குவதே நல்லது. மொத்தம் 8 எண்ணிக்கை. முதல் எண்ணிக்கை தொடையில் தட்டு. அடுத்து சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று. ஐந்தாவது தட்டு, ஆறாவது வீச்சு, ஏழாவது தட்டு, எட்டாவது வீச்சு. தட்டும் விரல்களும் சேர்ந்த முதல் நான்குக்கு லகு என்று பெயர். தட்டும் வீச்சும் சேர்ந்த இரண்டு எண்ணிக்கைக்குத் துருதம். வெறும் ஒரு தட்டு மட்டும் வந்தால் அனுதுருதம். அடிப்படைத் தாளங்கள் எல்லாம் இந்த மூன்று உறுப்புகளைக் கோத்துச் செய்தவைதான்.

விரல் எண்ணுவதைச் சுண்டுவிரலில்தான் தொடங்க வேண்டும். ஆள்காட்டி விரலில் தொடங்கிப் பழகியவர்கள் நீளமான லகு வரும்போது தடுமாறுவார்கள். பொதுவான பிழைகள் இரண்டு. நடுவிரலுக்குப் பிறகு வரும் ஐந்தாவது தட்டு அவசரமாக விழுவது ஒன்று. கை தட்டக் காத்திருப்பதால் முந்திக்கொள்கிறது. மற்றது வீச்சைச் சுருக்குவது. தட்டுக்குக் கை இறங்கி ஏற வேண்டும், வீச்சுக்குப் புரட்டினால் போதும் என்பதால் எட்டாவது எண்ணிக்கை அரைகுறையாகி அடுத்த சமம் (சுற்றின் முதல் தட்டு) முன்னால் வந்துவிடும். வீச்சையும் தட்டு அளவுக்கே உயர்த்தி இறக்கினால் இது சரியாகும்.

லகுவின் நீளம் மாறக்கூடியது. அதன் அளவுக்கு ஜாதி என்று பெயர்: திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. மிஸ்ர லகுவுக்கு ஒரு தட்டும் ஆறு விரலும்; கட்டைவிரல் வரை ஐந்து விரலையும் எண்ணிவிட்டு மறுபடி சுண்டுவிரலுக்கு வர வேண்டும். துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்று ஏழு அடிப்படைத் தாளங்கள். ஏழை ஐந்து ஜாதியால் பெருக்க 35. அதை ஐந்து நடையால் பெருக்க 175. இந்த எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மேடையில் அடிக்கடி வருபவை நாலைந்துதான். ஆதி என்பதே சதுஸ்ர ஜாதித் திரிபுடை தாளம்தான்: 4+2+2. பெரிய வர்ணங்களில் வரும் அட தாளம் கண்ட ஜாதி: 5+5+2+2, ஆக 14.

ரூபகத்தில் ஒரு சிக்கல் உண்டு. புத்தகத்தில் 2+4, ஆறு எண்ணிக்கை என்றிருக்கும். கச்சேரியில் பாருங்கள், தட்டு, தட்டு, வீச்சு என்று மூன்றே எண்ணிக்கையில் போட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டும் வழக்கில் உள்ளவைதான்; வித்வான் கை எதைப் போடுகிறதோ அதைப் பின்பற்றுங்கள். சாபு தாளங்கள் மேலே சொன்ன 35-இல் சேராதவை. மிஸ்ர சாபு ஏழு: "தகிட தக திமி" என்று சொல்லி 1, 4, 6 ஆகிய இடங்களில் தட்டலாம். கண்ட சாபு ஐந்து: "தக தகிட", 1, 3, 4-இல் தட்டு. இவற்றில் விரல் எண்ணவே வேண்டாம். வேகமாக வரும் தாளங்கள் இவை. விரலை நம்பினால் பின்தங்கிவிடுவீர்கள்.

ஜாதிக்கும் நடைக்கும் ஒரே பெயர்கள் இருப்பது இன்னொரு வழுக்கல். "திஸ்ர ஜாதி" என்றால் லகுவில் மூன்று எண்ணிக்கை, அதாவது சுற்றின் நீளமே மாறுகிறது. "திஸ்ர நடை" என்றால் ஒவ்வோர் எண்ணிக்கைக்குள்ளும் மூன்று உட்பிரிவு. சுற்றின் நீளம் அப்படியே இருக்கும். ஆதி தாளத்தைச் சதுஸ்ர நடையில் போட்டால் 8×4, ஆக 32 சிறு இடங்கள். திஸ்ர நடையில் 24. கண்ட நடையில் 40. கை போடுவது எல்லாவற்றிலும் அதே எட்டுத்தான். திஸ்ர நடை எப்படி இருக்கும் என்று காதால் அறிய வேண்டுமா? தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி கிளம்பும்போது பாடும் காவடிச்சிந்து மெட்டுகளைக் கேளுங்கள். அந்தத் துள்ளல் பெரும்பாலும் திஸ்ரத்திலிருந்து வருவதுதான். கும்மியும் அப்படியே. இதெல்லாம் நம் காலுக்கு ஏற்கெனவே தெரியும், பெயர்தான் புதிது.

காலம் என்ற சொல்லைப் பாட்டு வாத்தியார்கள் இரு பொருளில் புழங்குவார்கள். சரளி வரிசையை "முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம்" பாடச் சொன்னால் ஒரு தட்டுக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. கை வேகம் மாறாது. இரண்டாம் காலத்தில் கையையும் சேர்த்து வேகமாக்குவது எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறு. கையின் வேகத்தையே குறிக்கும்போது காலப்பிரமாணம் என்பார்கள். விளம்பம் (மெதுவு), மத்திமம் (நடுத்தரம்), துரிதம் (விரைவு) என்ற பிரிவுகள் அதற்கு. "காலப்பிரமாணம் ஓடிப்போச்சு" என்று ஒரு வித்வானைப் பற்றிச் சொன்னால் அவர் தொடங்கிய வேகத்தில் நிற்கவில்லை என்று அர்த்தம். களை என்பது இவை இரண்டிலும் சேராது. இரண்டு களை ஆதியில் ஒவ்வொரு தட்டையும் விரலையும் வீச்சையும் இரண்டிரண்டு முறை போட வேண்டும், எட்டு பதினாறாகும். மெதுவான பெரிய கீர்த்தனைகளுக்கு இது ஏன் என்றால், தட்டுக்குத் தட்டு இடைவெளி அதிகமானால் யாருக்கும் கை நடுங்கும். இரட்டித்துப் போட்டால் பிடி கிடைக்கிறது.

அடுத்து சமம். சுற்றின் முதல் தட்டு விழும் இடம் அது. பாட்டு அங்கேதான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாட்டு தொடங்கும் இடம் எடுப்பு. தட்டு விழுந்து அரை எண்ணிக்கை கழித்து எடுக்கும் பாட்டுகள் உண்டு, ஒன்றரை கழித்து எடுப்பவையும் ஏராளம். சமத்துக்குப் பின் எடுப்பதை அநாகதம் என்றும், முன்னாலேயே எடுத்துவிடுவதை அதீதம் என்றும் சொல்வார்கள். மிருதங்கக்காரர் தனி முடிக்கும்போது எங்கே வந்து சேர வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த எடுப்புத்தான்.

கணக்கு என்று சொல்லிப் பலர் ஒதுக்கிவிடும் பகுதி இதுதான். உண்மையில் நாலாம் வகுப்புக் கூட்டல் போதும். ஆதி, சதுஸ்ர நடை, ஒரு சுற்றுக்கு 32 இடம். "ததிகிணதொம்" ஐந்து இடம் பிடிக்கும் சொல். அதை மூன்று முறை சொல்லி முடிப்பது மிக எளிய தீர்மானம். இடைவெளியே இல்லாமல் சொன்னால் 15. 32-இல் 15 போக 17. ஆக, 17 இடத்தைக் கடத்திவிட்டு 18-ஆவது இடத்தில் தொடங்க வேண்டும். நான்கு எண்ணிக்கைக்கு 16 இடம் போய்விடுவதால், ஐந்தாவது எண்ணிக்கையின் தட்டு விழுந்து ஓர் இடம் தள்ளி "த" வரும். இரண்டு சொற்களுக்கு நடுவே ஓர் இடம் விட்டால் மொத்தம் 17. நாலாவது எண்ணிக்கையின் கடைசிக் காலில் தொடங்க வேண்டும். இரண்டு இடம் விட்டால் 19. நாலாவதில் ஓர் இடம் தள்ளித் தொடக்கம். மூன்று இடம் விட்டால் 21. மூன்றாவது எண்ணிக்கையின் கடைசிக் கால். பாட்டின் எடுப்பு அரை எண்ணிக்கை தள்ளி இருந்தால் இதையெல்லாம் இரண்டு இடம் தள்ளித் தொடங்கினால் எடுப்பில் போய் விழும். இந்தக் கூட்டலை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பழகுங்கள். கையில் தாளம் நிற்காமல் வாய் சொல்ல ஆரம்பித்துவிட்டால், தவில் கேட்கும் காது வேறாகிவிடும்.

பிழை வருவது கூட்டலில் அல்ல, இடைவெளியில். சொல்லை விடாமல் சொல்வது எளிது, சும்மா இருப்பதுதான் கடினம். முதல் இடைவெளியை இரண்டு இடமாகவும் இரண்டாவதை ஒன்றரையாகவும் விட்டால் கடைசி "தொம்" தன் இடத்துக்கு முன்னால் விழுந்துவிடும். இடைவெளியில் வாய்க்குள் "தக" என்று எண்ணிக்கொள்வதே இதற்கு மருந்து.

தனி ஆவர்த்தனம் எப்போது முடியப்போகிறது என்று தெரிய இரண்டு அடையாளங்கள் உண்டு. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்பது எட்டு, நாலு, இரண்டு, ஒன்று என்று சுருங்கிக்கொண்டே வரும், அது குறைப்பு. பிறகு எல்லோரும் சேர்ந்து மோரா என்ற முடிவுப் பகுதியை வாசிப்பார்கள். அதன் வாலில் கோர்வை. கடைசிக் கோர்வை பொதுவாக மூன்று முறை வரும். முதல் முறையிலேயே கை தட்டிவிடாதீர்கள். மூன்றாவது முடிந்து பாடகர் பாட்டை எடுக்கும் இடத்தில் தட்டுவதுதான் முறை.

உருப்படிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கீர்த்தனைக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மூன்று பகுதி. பல்லவி வரியை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெருகேற்றிப் பாடுவது சங்கதி. ஒரே வரியை எடுத்துச் சொற்களை அதே தாள இடத்தில் வைத்துக்கொண்டு மெட்டை மட்டும் விரிப்பது நிரவல்; சொல் தன் இடத்தை விட்டு நகர்ந்தால் நிரவல் கெட்டது. கற்பனைச்சுரம் எவ்வளவு நீண்டாலும் எடுப்பில் வந்து இறங்க வேண்டும். ஆலாபனைக்குத் தாளம் கிடையாது. தானத்துக்கும் தாளம் கிடையாது, ஆனால் துடிப்பு உண்டு. ராகம் தானம் பல்லவியில் வரும் பல்லவி ஒரே ஒரு வரி. அதன் நடுவே நிற்கும் இடம் அருதி. அந்த வரியைக் கை மாறாமல் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வேகத்தில் பாடினால் அனுலோமம். வரியை மாற்றாமல் தாளத்தை மட்டும் விரைவாகப் போட்டால் பிரதிலோமம். வளவில் நடந்து பழகியவருக்கு இந்த இரண்டையும் விளக்கவே வேண்டியதில்லை.

கோயில் புறப்பாட்டில் நாகஸ்வரத்தில் முதலில் வாசிப்பது மல்லாரி. கம்பீர நாட்டை ராகம், சாகித்தியம் (பாடல் வரிகள்) இல்லை. தேருக்கு, தளிகைக்கு, தீர்த்தத்துக்கு என்று தனித்தனி மல்லாரிகள் இருக்கின்றன. கேட்பவர் காலத்தையும் கணக்கையும் தவிர வேறெதையும் பிடித்துக்கொள்ள முடியாது என்பதால் தாளம் பழக இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்துக் கெட்டிமேளத்தில் தாளம் தேடாதீர்கள். மற்ற ஓசைகளை அமுக்குவதுதான் அதன் வேலை.

வாத்தியங்களுக்கு வந்தால் முதலில் சுருதி. ஆர்மோனியக் கட்டையை வைத்து 1 கட்டை, 1½, 2, 2½, 3 என்று எண்ணுவார்கள். அரை என்பது கறுப்புக் கட்டை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால் 3½ என்று ஒன்று கிடையாது. ஆண்கள் பொதுவாக 1, 1½. பெண்கள் 4½ முதல் 5½ வரை. பாரி எனப்படும் நீளமான நாகஸ்வரம் 2, 2½ அளவில் இருக்கும்.

காரைக்குடி என்றாலே வீணை நினைவுக்கு வரும். காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் அதற்குக் காரணம். சாம்பசிவ ஐயர் 1952-இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். சுப்பராம ஐயர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசித்தவர். வீணைக்கு ஏழு தந்தி. நான்கில் வாசிப்பு; பக்கவாட்டில் இருக்கும் மூன்றும் தாளத்துக்கு. அவற்றைச் சுண்டுவிரலால் மீட்டித் தாளத்தைக் காட்டுவார்கள், கை இரண்டும் வேலையாக இருப்பதால். தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் நிற்பவை. சித்திரை வெயிலில் காரின் பின்னிருக்கையில் வீணையை விட்டுப் போனால் மெழுகு இளகி மெட்டு நகரும், சுரம் தவறும். தந்தியை முறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது, மெட்டு கட்டத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) சட்ஜத்தில் (ச சுரத்தில்) நிற்க வேண்டும். கல்லால் பின்னலை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஒரே பக்கத்தில் தட்டாமல் சுற்றிவரத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே தலையில் இரண்டு சுருதி கேட்கும். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ரவையைப் பிசைந்து அப்புவார்கள். காய்ந்தால் உதிரும், தண்ணீர் கூடினால் ஒலி அடைத்துக்கொள்ளும். தாழ்ந்த சுருதிக்கு 24 அங்குலம், உயர்ந்த சுருதிக்கு 22 அங்குலம் என்று இரண்டு மிருதங்கம் வைத்திருப்பார்கள். காரைக்குடி மணியின் (1945–2023) பழைய ஒலிப்பதிவுகள் கிடைத்தால் தனியை மட்டும் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் தனியாகப் பிரிந்து காதில் விழும்.

தவிலில் வலப்பக்கம் விரலில் கூடு மாட்டி வாசிப்பது, இடப்பக்கம் கழியால். பெரிய வீட்டில் கல்யாணம் என்றால் தவிலை ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டு தாளம் போடாதீர்கள். ஒலி 34 மீட்டர் கடக்க ஏறத்தாழ 0.1 விநாடி ஆகும். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை நீளும் வீடு, கல் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. எதிரொலி வேறு சேர்ந்துகொள்ளும். நிமிடத்துக்கு 80 தட்டு போகும் காலப்பிரமாணத்தில் சதுஸ்ரத்தின் ஒரு சிறு இடம் 0.19 விநாடிதான். அதில் பாதி தூரத்திலேயே போய்விடுகிறது. மேளத்துக்கு அருகே உட்கார்ந்து தாளம் போடுகிறவரின் கையைப் பாருங்கள்.

கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்ற பெருமை புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளைக்கு. அதன் தோலின் உட்புறம் தண்ணீர் தடவித்தான் ஒலியைத் தாழ்த்துவார்கள். அதிகமானால் ஊமையாகிக் காயும்வரை காத்திருக்க வேண்டும். கடத்துக்கு அந்த வசதியும் இல்லை. சூளையில் வெந்த பிறகு அதன் சுருதி அதுதான். ஆகவே மானாமதுரைக்குக் கடம் வாங்கப் போனால் எத்தனை கட்டை வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு சுருதிப்பெட்டியோடு போங்கள். பெட்டியை ஒலிக்கவிட்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கழுத்திலும் வயிற்றிலும் அடியிலும் நாதம் தெளிவாக இருக்க வேண்டும். எங்காவது கரகரத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். மானாமதுரைக் கடம் கனமானது, முதல் சில வாரங்கள் விரல் வலிக்கும்.